புள்ளி இல்லாத கல்

கண்ணா,

உன் சூட்கேஸ் ஹாலில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. ஒரு பக்கம் நீ அடுக்கிய ஸ்வெட்டர்கள், இன்னொரு பக்கம் உன் அம்மா திணித்த ரசப்பொடி, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் பாட்டில். அவள் பக்கத்து ஊர் எடிசனில் ஒரு வளைகாப்புக்குப் போயிருக்கிறாள். நீ பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கப் போயிருக்கிறாய். வீட்டில் நான் மட்டும். மதிய வெயிலில் கூரைப் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருக்கிறது. வியாழக்கிழமை நீ கிளம்புகிறாய். இந்தக் காகிதங்களை ஸ்வெட்டர்களுக்கு அடியில் வைக்கப்போகிறேன், கூடவே ஒரு கேசட்டும். நான் பேசினால் உனக்கு ஒரு வார்த்தை விடாமல் புரியும், பதில்தான் இங்கிலீஷில் வரும். எழுத்து மட்டும் தெரியாது. அதனால் எழுதி முடித்ததும் நானே வாசித்துப் பதிவு செய்துவிடுவேன். வாக்மேனில் போட்டுக்கொண்டு, காகிதத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே கேள். இங்கிலீஷிலேயே எழுதித் தொலைத்திருக்கலாமே என்று கேட்பாய். நான் ஒரு பொய் சொன்னேன். அதை இங்கிலீஷில்தான் சொன்னேன். அதே பாஷையில் ஒப்புக்கொள்ள உட்கார்ந்தால் மறுபடியும் எங்காவது நழுவிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

போன செப்டம்பரில் சாப்பாட்டு மேஜையில் நீ சொன்னது நினைவிருக்கிறதா? "அப்பா, ஐ காட் த டீச்சிங் ஜாப். டூ இயர்ஸ். ஃபூஜியன்ல." உன் அம்மா, "அது எங்கடா இருக்கு?" என்றாள். "சைனாவோட சவுத்ஈஸ்ட் கோஸ்ட்மா. தைவானுக்கு ஆப்போசிட். டவுன் பேரு சுவான்சோ." நான் பாதித் தயிர்சாதத்தோடு எழுந்து காராஜுக்குப் போய்விட்டேன். எனக்குக் கோபம் என்று நீ நினைத்துக்கொண்டாய். மறுநாள், "ஐ நோ யூ வாண்டட் மெட் ஸ்கூல்" என்று சமாதானத்துக்கு வந்தாய். நானும் ஆமாம் போட்டுவிட்டேன். மெட் ஸ்கூலாவது ஒன்றாவது. அந்த ஊர்ப் பேர் எனக்குப் பல வருஷமாகத் தெரிந்த பேர். அதை உங்கள் இருவர் முன்னால் காட்ட மனசில்லாமல் காராஜில் நின்று பழைய பெயிண்ட் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

லின்னை உனக்கு மங்கலாக நினைவிருக்கும். கம்பெனி பிக்னிக்கில் ஆரஞ்சுத் தோலை அறுபடாமல் ஒரே சுருளாக உரித்து உன் கையில் கொடுப்பாரே, அவர்தான். பிஸ்கட்டவேயில் மருந்துக் கம்பெனி லேபில் எனக்கு அடுத்த மேஜை. பதினோரு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மாத்திரை கரைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் சொந்த ஊர் சுவான்சோவுக்குப் பக்கத்தில் கடலோரக் கிராமம். நீ போகிற ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னதுதான். பின்னால் மலை, முன்னால் கடல், நடுவே ஒட்டிக்கொண்டு ஜனங்கள் என்பார். மலையில் தேயிலை. கீழே சிவப்புச் செங்கல் வீடுகள், கூரையின் இரண்டு ஓரமும் தகைவிலான் குருவியின் வால் போல மேலே வளைந்து நிற்கும். சில ஊர்களில் சுவர் முழுக்கச் சிப்பி ஓடு பதித்திருப்பார்களாம். கழிமுகத்தின் குறுக்கே ஒரு நீண்ட கல்பாலம். அதன் கால்களில் சிப்பியை வளரவிட்டு, அந்தச் சிப்பியே கற்களைப் பிடித்துக்கொள்ளும்படி செய்தார்களாம் அந்தக் காலத்து ஆட்கள். அவர் அம்மா கொண்டையைச் சுற்றி வளையமாகப் பூ வைப்பாராம், எண்பது வயதிலும். "எங்கள் பெண்களும்தான்" என்றேன். ஒருமுறை ஊர் மரம் என்று ஒரு படத்தைக் காட்டினார். சிவப்புப் பூ, தண்டெல்லாம் முள். பார்த்தால் நம் கல்யாணமுருங்கை! அந்த மரத்தின் பெயரால்தான் ஒரு காலத்தில் கப்பல்காரர்கள் அந்த ஊரையே அழைத்தார்களாம். நான் நாகப்பட்டினத்துக்காரன். அவர் ஊர்க் கடலும் என் ஊர்க் கடலும் ஒன்றோடொன்று பேசியிருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

லின் காலேஜ் படிக்கும்போது ஒரு படகில் ஊரைவிட்டு வந்தவர். அதற்குப் பிறகு வழி அடைபட்டுவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் அம்மாவிடமிருந்து ஒரு வரி கிடையாது. உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது. சீனா கதவைத் திறந்த பிறகுதான் தம்பியிடமிருந்து கடிதம் வந்தது. மூன்றாவது கடிதத்தோடு ஒரு மெல்லிய தாள் மடித்து வந்தது. அவர்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு உடைந்த கல் இருக்கிறது. யார் கொண்டுவந்தது என்று யாருக்கும் தெரியாது. அவர் அம்மா அதற்குத் தினமும் ஊதுபத்தி ஏற்றுவார், காய்ச்சல் வந்தால் அதில் நெற்றியை வைத்துக்கொள்வார். பழசெல்லாம் கூடாதென்று அங்கே சாமிகளை உடைத்த வருஷங்களில் அதைக் கவிழ்த்துப் போட்டு அதன் முதுகில் துணி துவைத்தே காப்பாற்றிவிட்டாராம். இப்போது தம்பி புது வீடு கட்டுகிறான். அந்தக் கல் வாசற்படிக்கு அளவாக இருக்கிறது என்கிறான். அம்மா விடமாட்டேன் என்கிறார். அதில் எழுத்து இருக்கிறது, எழுத்தை மிதிக்கக் கூடாது என்பது அவர் கட்சி. எழுத்தே இல்லை, கீறல் என்பது தம்பி கட்சி. அமெரிக்காவில் எல்லா நாட்டு ஆட்களும் இருப்பார்கள், உன் அண்ணனைக் கேட்கச் சொல் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். கல்லின் மேல் ஈரத்தாளை ஒட்டி, மை ஒற்றி எடுத்த நகல்தான் அந்த மெல்லிய தாள். கறுப்பில் வெள்ளையாகக் கீறல்கள்.

அதை லின் என்னிடம் நீட்டியபோது லஞ்ச் ரூமில் ஆறு பேர் இருந்தார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்னால் அதே மேஜையில் நான் ஒரு பீற்றல் பீற்றியிருந்தேன். எங்கள் பாஷை எவ்வளவு பழசு தெரியுமா, எங்கள் ஊரில் ஆடு மேய்க்கிறவன்கூட ஆயிரம் வருஷத்துக் கல்வெட்டை நின்றபடியே படித்துவிடுவான் என்று. யாரும் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். அதை நினைவில் வைத்துக்கொண்டுதான் லின் ஆசையோடு வந்தார். நான் தாளைக் கையில் வாங்கினேன். உடைந்தது போக நாலே எழுத்து மிச்சம். பார்த்த உடனே எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ன இருந்தது. க இருந்தது. கொஞ்சம் கோணல்தான், ஆனால் நம் எழுத்து. அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை, கண்ணா, இதை நன்றாகக் கேட்டுக்கொள். நனறாக என்று எழுத்துக் கூட்டினேன். நனறாக. அப்படி ஒரு வார்த்தை கிடையாது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆறு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். எங்கள் எழுத்துதான், ஆனால் எனக்கு அர்த்தம் தெரியவில்லை என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அது என் வாயில் வரவில்லை. "இது எங்கள் எழுத்து இல்லை" என்றேன். அதோடு நிறுத்தினேனா? பொய்க்குக் கை கால் வைக்கத் தொடங்கினால் நிற்காது. "எழுத்தே இல்லை என்று நினைக்கிறேன். கல்தச்சன் உளி பிடிக்கக் கற்றுக்கொண்டபோது போட்ட கிறுக்கல்" என்றேன். லின் தாளை மடித்துக்கொண்டார். "இவ்வளவு கவனமாகப் பார்த்ததற்கு நன்றி" என்றார்.

அந்தக் கோடையில் அவர் ஊருக்குப் போய்வந்தார். நமக்கு ஒரு டின் தேயிலை கொண்டுவந்தார். நீகூட அதில் பேஸ்பால் கார்டு போட்டு வைத்திருந்தாய். என் பதில் அவருக்கு முன்னாலேயே கடிதத்தில் போய்ச் சேர்ந்திருந்தது. தம்பி கல்லை எடுத்து வாசற்படியாகப் பதித்துவிட்டான். அமெரிக்காவில் ஒரு விஞ்ஞானி பார்த்துச் சொல்லிவிட்டார் என்று அம்மாவிடம் சொன்னார்களாம். லின் இதையெல்லாம் ஆரஞ்சை உரித்தபடி சிரித்துக்கொண்டே சொன்னார். "அம்மா என்ன கேட்டார் தெரியுமா? சொன்னவன் கல்லைத் தொட்டுப் பார்த்தானா என்று கேட்டார்." அதற்குமேல் அந்த அம்மா சண்டை போடவில்லை. ஊதுபத்தியை நிறுத்திவிட்டார். ஆனால் அந்தப் படியை மிதிக்கவே இல்லை. ஒவ்வொரு முறையும் சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை எட்டி வைத்துத் தாண்டித்தான் போவாராம். அந்தச் சின்ன உருவம், அந்த வயது. மழைக்காலத்தில் ஒருநாள் தாண்டும்போது வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு. படுத்தவர் எழவில்லை. தந்தி வந்த அன்றும் லின் வேலைக்கு வந்திருந்தார். "பிடிவாதக்காரி" என்றார். அவர் கையில் ஆரஞ்சுத் தோல் முதல்தடவையாக அறுந்து விழுந்தது.

இதுவரைக்கும்கூட எனக்கு நெஞ்சு கனத்ததே தவிர, அர்த்தம் தெரியாது. அதைத் தெரியவைத்தது உன் அம்மாவின் மளிகைச் சீட்டு. அவள் எழுதி நீ பார்த்திருக்கிறாய். ஓடுகிற ரயிலில் ஏறுகிற அவசரத்தில் எழுதுவாள், புள்ளியே வைக்கமாட்டாள். மெய்யெழுத்துத் தலையில் ஒரு புள்ளி வைக்க வேண்டும், அதுதான் முறை. கேட்டால், "புள்ளி வைக்கிறதெல்லாம் பரீட்சைக்குங்க. படிக்கிறவங்களுக்குத் தெரியாதா என்ன?" என்பாள். ஐசலினில் நம் ஊர்க் கடைகள் வரத்தொடங்கிய புதிது. ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு கடையில் சீட்டோடு நிற்கிறேன். உபபு, பருபபு, கததரிககாய. உப்பு எடுத்தேன். பருப்பு எடுத்தேன். தடுமாறவே இல்லை. கையில் துவரம்பருப்புப் பாக்கெட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். கல்லில் வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்கள் என்று எட்டாம் வகுப்பில் படித்திருக்கிறேன், மார்க்கும் வாங்கியிருக்கிறேன். நனறாக இல்லை. நன்றாக. ஒரே ஒரு புள்ளி. கூடையை அங்கேயே வைத்துவிட்டுக் காரில் வந்து உட்கார்ந்தேன். வீட்டுக்கு வெறுங்கையோடு போனதற்கு உன் அம்மா, "ஒரு உப்பு வாங்கிட்டு வரத் துப்பில்ல. இவருக்குப் பிஎச்டி வேற" என்று பிடித்துக்கொண்டாள். அது நியாயம்தான்.

மறுநாளே லின்னிடம் சொல்லியிருக்க வேண்டும். அம்மா போய்ச் சில மாதம்தான் ஆகிறது, இப்போது சொன்னால் தாங்குவாரா என்று எனக்கு நானே ஒரு கருணையைக் கற்பித்துக்கொண்டேன். தேங்க்ஸ்கிவிங் போகட்டும் என்றேன். அப்புறம் கிறிஸ்துமஸ் லீவு. அப்புறம் புது ப்ராஜெக்ட். இரண்டு வருஷம் ஓடியது. தினமும் அவர் எனக்குச் சின்னக் கோப்பையில் டீ ஊற்றிக் கொடுத்தார். தினமும் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தேன். ஒரு திங்கட்கிழமை அவர் மேஜை காலியாக இருந்தது. காலையில் கார் கண்ணாடியில் பனி சுரண்டும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், அவ்வளவுதான். பதினாறாம் நாளோ என்னவோ மிசஸ் லின் ஒரு கவர் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே அந்தத் தாள். "நீங்கள் இதை எவ்வளவு நேரம் பொறுமையாகப் பார்த்தீர்கள் என்று அடிக்கடி சொல்வார். உங்களிடமே இருக்கட்டும்" என்றார். அன்று நான் அழுதது நண்பனுக்காக என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அதிலிருந்து அந்த அம்மா வருகிறார், கண்ணா. லின் இல்லை, அவர் அம்மா. நான் போட்டோவில்கூடப் பார்க்காத மனுஷி. எனக்குப் பைத்தியம் இல்லை, இருபது வருஷமாக எடைபோட்டு அளந்து பார்த்து வேலை செய்கிறவன். ஆனாலும் பட்டப்பகலில் பாங்கில் வரிசையில் நிற்கும்போது கொண்டையைச் சுற்றி ஒரு வளையம் பூ எனக்கு முன்னால் தெரிகிறது. லைப்ரரி வாசலில் ஒரு கால் அந்தரத்தில் நிற்கிறது. அவர் திட்டுவதில்லை, என் வாயையே பார்க்கிறார். சென்னைக்குக் கடிதம் எழுதும்போது ஏதாவது எழுத்தில் புள்ளியை விட்டுவிட்டால் பின்கழுத்தில் காற்றுப் படுகிறது, திரும்பிப் போய் வைத்தால்தான் விடுகிறது. நம் வீட்டு வாசற்படியை நான் மிதிக்காமல் தாண்டுவதைப் பார்த்து நீ எவ்வளவு கிண்டல் பண்ணியிருக்கிறாய். "அப்பா, இஸ் தேர் எ பாம்ப் அண்டர் தட் ஸ்டெப்?" உன் அம்மா அது என் முழங்கால் வலி என்று நினைக்கிறாள். எனக்கு முழங்காலில் ஒன்றும் இல்லை.

உன் யுனிவர்சிட்டி லைப்ரரிக்கு உனக்குத் தெரியாமல் ஏழெட்டு சனிக்கிழமை வந்திருக்கிறேன். நூற்றாண்டுகளுக்கு முன்னால் நம் வணிகர்கள் அந்தத் துறைமுகத்தில் குடியிருந்து ஒரு சிவன் கோயிலே கட்டியிருக்கிறார்கள். கோயில் இடிந்துபோய், அதன் கற்கள் மதிலுக்கும் பாலத்துக்கும் வேறு கோயில் தூண்களுக்கும் போய்விட்டன. அங்கே கிடைத்த ஒரு தமிழ்க் கல்வெட்டில், அந்நாட்டு அரசனின் உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு கோயில் எழுப்பியதாக இருக்கிறது. லின் வீட்டுக் கல்லும் அதுமாதிரி ஏதோ ஒரு உடம்புக்காக யாரோ வேண்டிக்கொண்டதாகத்தான் இருக்கும். யாருடைய உடம்பு என்று இருந்த பக்கம் உடைந்துபோய்விட்டது. ஒரு வார்த்தை படிக்கத் தெரியாத அந்த அம்மா அதில் காய்ச்சல் நெற்றியை வைத்துக்கொண்டார். படிக்கத் தெரிந்த நான் கிறுக்கல் என்றேன்.

உனக்குத் தமிழ் எழுத்து தெரியாமல் போனதும் இதே சங்கதிதான். கிண்டர்கார்டனில் உன் டீச்சர், வீட்டில் இங்கிலீஷே பேசுங்கள், இல்லாவிட்டால் பின்தங்கிவிடுவான் என்றார். நாலு பேர் முன்னால் உனக்குத் தெரியவில்லை என்று ஆகிவிடக் கூடாதே என்று பயந்தேன். உன் அம்மா ஒளித்து வைத்துப் பழக்கிய அரிச்சுவடியை எடுத்துப் பரணில் போட்டவன் நான். தெரியாது என்று சொல்வது எனக்கு அவ்வளவு பெரிய அவமானம். நீ அங்கே போய் அதைத் தாராளமாகச் சொல்லு. நீ காலேஜில் படித்த சீன மொழி அந்தக் கடலோரக் கிழவிகளிடம் செல்லாது. அவர்கள் பேசுவது வேறு மாதிரி என்று லின்னே சொல்வார். புரியவில்லை என்று சொல், மறுபடி கேள். மீன்காரர் வீட்டில் சாப்பிட்டால் தட்டில் மீனைத் திருப்பிப் போடாதே, படகு கவிழ்வதாக நினைப்பார்கள். டீ கொடுத்தால் இரண்டு கையால் வாங்கு.

அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். அதன் பின்பக்கம் தம்பி வீட்டு விலாசத்தை லின் தன் கையால் எழுதியிருக்கிறார். அதை உன்னால் படிக்க முடியும், என்னால் முடியாது. முன்பக்கம் இருக்கிற நாலு எழுத்தை என்னால் படிக்க முடியும், உன்னால் முடியாது. போ. கல் இன்னும் வாசற்படியாகத்தான் இருக்கும். மிதிக்காதே. குனிந்து தொடு, அந்த அம்மா கேட்டது அதைத்தான். பிறகு தம்பியிடம் சொல்: இது எழுத்து, எங்கள் எழுத்து, உங்கள் அம்மா சொன்னதுதான் சரி. என் அப்பாவுக்கு அது தெரியும், தெரிந்தேதான் இல்லை என்றார். தெரியாமல் சொல்லிவிட்டார் என்று மட்டும் சொல்லாதே. உனக்கு என்மேல் பிரியம், அப்படிச் சொல்ல உனக்கு வாய் வரும். சொல்லாதே, கண்ணா. அவர்கள் உன்னைத் துரத்தினாலும் சரி. கல்லைப் பெயர்ப்பதும் விடுவதும் அவர்கள் இஷ்டம்.

கடைசித் தாளில் அந்த வார்த்தையைப் பெரிதாக எழுதியிருக்கிறேன், புள்ளியோடு. அதை எப்படிச் சொல்வது என்று பயப்படாதே. சென்னையிலிருந்து உன் மாமா போன் பண்ணி "எப்படிடா இருக்கே?" என்று கத்தும்போது, நீ இங்கிலீஷுக்குத் தாவாமல் சொல்கிற ஒரே பதில் உண்டே, "நல்லா இருக்கேன் மாமா." அந்த நல்லாதான் இந்த நன்றாக. எழுதினால் அப்படி, பேசினால் இப்படி. அதனால் உனக்கு அந்தக் கல்லைப் படிக்கத் தெரியும். அந்த வாசலில் நின்று, உள்ளே யாரோ படுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, கேட்கிற மாதிரி ஒருதரம் சத்தமாகச் சொல்லு.

உன் கார் வந்துவிட்டது. வாசலில் நின்று ஷூவிலிருக்கிற பனியைத் தட்டுகிறாய். உள்ளே வந்து என் கண்ணைப் பார்த்ததும், "அப்பா, யூ ஓகே?" என்று கேட்பாய். நல்லா இருக்கேன் என்று சொல்லப்போகிறேன். நீ அங்கே போய் அந்தக் கல்லைத் தொட்டுவிட்டு எனக்கு போன் பண்ணும்வரைக்கும் அதுவும் பொய்தான்.

உன் அப்பா